உதட்டுக்குள் கட்டிய நெறி

"ரத்தத்தில் ஒன்றும் இல்லை." உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கிக் காயவைக்கும் ஷோகிரென் நோயில் இந்த வாக்கியத்தை இரண்டு இடங்களில் கேட்கலாம். முதலாவது, நோய் பிடிபடுவதற்கு முன். கண்ணில் மண் விழுந்தது போல உறுத்துகிறது, சோற்றைத் தண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது, பல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொத்தையாகிறது. சர்க்கரை பார்த்தாயிற்று, தைராய்டு பார்த்தாயிற்று, இந்த நோயில் தேடப்படும் எஸ்எஸ்ஏ ஆன்டிபாடியும் (ரோ என்ற நம் சொந்தப் புரதத்துக்கு எதிரானது) நெகட்டிவ். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, வயசுதான் காரணம், இல்லாவிட்டால் மனசுதான் காரணம் என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாவது, சிகிச்சைக்குப் பின். ஆன்டிபாடிக்கு மூலமான பி செல் என்ற வெள்ளணுவை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் ஏற்றி, சில வாரம் கழித்துப் பார்த்தால் பி செல் எண்ணிக்கை பூஜ்யம் என்று ரிப்போர்ட் வருகிறது. ரத்தத்தில் ஒன்றும் இல்லை, மருந்து வேலை செய்துவிட்டது என்கிறார்கள். வாய் மட்டும் பழையபடியே காய்கிறது.

இரண்டு இடத்திலும் ரத்தம் பொய் சொல்லவில்லை. விசாரித்த இடம்தான் தப்பு. உடம்பில் உள்ள லிம்போசைட்டுகளில் (பி செல், டி செல் போன்ற வெள்ளணுக்கள்) ஏறக்குறைய 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருக்கும். மற்றவை நிணநீர் முடிச்சு, மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, குடல் என்று அங்கங்கே குடியிருப்பவை. ரத்தத்தில் தென்படுபவை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பவை. பஸ் ஸ்டாண்டில் நின்று தலையெண்ணிவிட்டு ஊரின் ஜனத்தொகையைச் சொல்ல முடியாது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் பூஜ்யம் என்ற எண்ணைக் கண்டதும் எப்படியோ மறந்துபோகிறது.

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். வீட்டுப் பெரியவர்கள் கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த நெறி என்பது நிணநீர் முடிச்சு வேலையில் இறங்கியிருப்பதன் அடையாளம்: உள்ளே பி செல்கள் பெருகி, ஆன்டிபாடியைக் கூர்தீட்டிக்கொண்டிருக்கின்றன. ஷோகிரென் நோயில் நடப்பதும் இதே வேலைதான். ஆனால் அது நெறி கட்டவேண்டிய இடத்தில் நடப்பதில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியின் உள்ளேயே, முடிச்சே இல்லாத இடத்தில், புதிதாக ஒரு நெறி உருவாகிறது. உதட்டின் உள்பக்கச் சுரப்பி ஒன்று 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் கட்டும் நெறி யார் கைக்கும் தட்டுப்படாது. வெட்டி எடுத்து, சாயமேற்றிப் பார்த்தால்தான் உண்டு.

ஜவ்வரிசி

2016இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் 4 புள்ளி வந்தால் ஷோகிரென். எஸ்எஸ்ஏ பாசிட்டிவாக இருந்தால் 3. உதட்டுச் சுரப்பியை வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் ஃபோகஸ் ஸ்கோர், அதாவது லிம்போசைட்டுக் குவியல்களின் கணக்கு, 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3. கண்ணின் சாய மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1. கண்ணீரை அளக்கும் ஷிர்மர் தாள் 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையாவிட்டால் 1. எச்சில் தானாக ஊறுவது நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் 1. இதைக் கூட்டிப் பார்த்தாலே ஒன்று விளங்கும். எஸ்எஸ்ஏ நெகட்டிவாக உள்ளவருக்குக் கண்ணும் வாயும் முழுக்கக் காய்ந்து போயிருந்தாலும் 3க்கு மேல் வராது. பயாப்ஸி செய்யாமல் அவர் நான்கைத் தொடவே முடியாது. "ரத்தத்தில் இல்லை, அதனால் பயாப்ஸி தேவையில்லை" என்பது தலைகீழான கணக்கு. ரத்தத்தில் இல்லாதவருக்குத்தான் பயாப்ஸி கட்டாயம்.

செய்வது பெரிய காரியமல்ல. கெட்டுப்போக மட்டும் நிறைய வழி இருக்கிறது. கீழுதட்டை வெளிப்பக்கமாகத் திருப்பி, நடுக்கோட்டுக்கும் வாயோரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், புண்ணோ பல் கடித்த தழும்போ இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். நடுக்கோட்டில் சுரப்பிகள் குறைவு. அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் போட்டுச் சில நிமிடம் பொறுத்தால் ரத்தம் ஒழுகுவது அடங்கும். மேல்சவ்வை மட்டும் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறினால், ஊறிய ஜவ்வரிசி போலச் சுரப்பிகள் தாமாகவே பிதுங்கி மேலே வரும். கத்தி ஆழமாக இறங்கக் கூடாது. உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் மென்டல் நரம்பின் கிளைகள் சுரப்பிகளை ஒட்டியே ஓடுகின்றன. அறுபட்டால் உதட்டோரம் மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும், சிலருக்கு அது போவதேயில்லை. மழுங்கிய கத்தரியால் சுற்றிலும் பிரித்து, ஒவ்வொரு மணியாக எடுக்க வேண்டும். குறைந்தது நான்கு, முடிந்தால் ஆறு.

பெரும்பாலும் சொதப்புவது இதற்கு அடுத்த ஐந்து நிமிடத்தில்தான். சுரப்பியை இடுக்கியின் பல்லால் அழுத்திப் பிடித்தால் லிம்போசைட்டுகள் நசுங்கி, கண்ணாடியில் நீலமசி இழுத்துவிட்டது போல ஆகிவிடும், எண்ணவே வராது. தையல் போட்டு முடிக்கும் வரை துணிப்பஞ்சின் மேல் வைத்துவிட்டால் ஓரம் காய்ந்துவிடும். ஜவ்வரிசி என்று எண்ணி எடுத்தது கொழுப்பு மணியாகவோ தசைத் துணுக்காகவோ இருப்பதும் சகஜம். கொழுப்பு மஞ்சளாக இருக்கும், ஃபார்மலினில் போட்டால் மிதக்கும். சுரப்பி வெளிறிய இளஞ்சிவப்பு, அடியில் போய் உட்காரும். எடுத்த கையோடு 10 சதவீத ஃபார்மலினில், திசுவின் கொள்ளளவைப் போலப் பத்து மடங்காவது திரவம் இருக்கும்படி போட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நான்கு சதுர மில்லிமீட்டர்

1968இல் சிஷோமும் மேசனும் உதட்டுச் சுரப்பியை நான்கு சதுர மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரித்தார்கள். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட லிம்போசைட்டுகள் ஒன்றாகக் குமிந்திருந்தால் அது ஒரு ஃபோகஸ். நாம் 'குவியல்' என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய தரவரிசை "ஒன்றுக்கு மேல்" என்பதோடு நின்றுவிட்டது. 1974இல் கிரீன்ஸ்பானும் உடனிருந்தவர்களும் அதை எண்ணிக்கையாக நீட்டினார்கள். கணக்கு எளிது: மொத்தக் குவியல்களை நான்கால் பெருக்கி, சுரப்பியின் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். குவியல்கள் ஒன்றோடொன்று கலந்து தனித்தனியாக எண்ணவே முடியாமல் போனால் 12 என்று போட்டுவிடுவார்கள்.

எளிய கணக்குதான். ஆனால் வழுக்கும். மூன்று குவியல், 11 சதுர மில்லிமீட்டர் பரப்பு: ஸ்கோர் 1.09, பாசிட்டிவ். அதே மூன்று குவியலோடு, குவியலே இல்லாத இன்னொரு சுரப்பியும் சேர்ந்து பரப்பு 14 ஆகிவிட்டால் 0.86, நெகட்டிவ். கூடுதலாக ஒரு ஜவ்வரிசி மணி வந்ததில் நோயே இல்லாமல் போகிறது. எதிர்த்திசையிலும் இப்படித்தான். 3 சதுர மில்லிமீட்டர் மட்டுமே கிடைத்து, அதில் தற்செயலாக ஒரே ஒரு குவியல் இருந்தால் 1.33. அதனால்தான் 2017இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் குறைந்தது 8 சதுர மில்லிமீட்டர் வேண்டும் என்று கேட்கிறது. விளிம்பில் நிற்கும் ஸ்கோருக்கு, சுரப்பியைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையில் 200 மைக்ரான் கீழே இறங்கி இன்னும் இரண்டு அடுக்குகள் வெட்டிப் பார்ப்பது நல்லது; மேலடுக்கில் 35 செல்லாகத் தெரிந்தது கீழடுக்கில் 70 ஆகியிருக்கும். பரப்பை எழுதாமல் "இரண்டு குவியல்கள் காணப்பட்டன" என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட்டை என்ன செய்வதென்றே தெரியாது. ஒவ்வொரு சுரப்பிக்கும் தனித்தனியே ஸ்கோர் போட்டுச் சராசரி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது தப்பு, பரப்பை மொத்தமாகக் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஃபோகஸ் ஸ்கோர் குறைவாக வரும். ஸ்வீடனில் பார்த்த ஆய்வு 2000இல் வந்தது. புகை நல்லது என்று இதற்கு அர்த்தமல்ல. பயாப்ஸிக்கு அனுப்பும் சீட்டில் புகைப்பழக்கத்தையும், ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்தாரா என்பதையும் எழுதியனுப்ப வேண்டும் என்றுதான் அர்த்தம். சீட்டில் பெயர், வயது, "ஷோகிரென்?" என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் இருக்காது என்பது வேறு வருத்தம்.

எனக்கு இந்த ஸ்கோரோடு பூசல் எதுவும் இல்லை. வகைப்படுத்த ஒரு கோடு வேண்டும், கோட்டை ஒன்றில் போட்டிருக்கிறார்கள். பூசல் எல்லாம் ஸ்கோரை எழுதியதும் ஸ்லைடை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவதோடுதான். 50 செல் இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது. அந்த ஐம்பதும் அங்கே என்ன செய்கின்றன என்று கேட்கவே இல்லை.

குவியலுக்குள்ளே

சின்னக் குவியலில் பெரும்பாலும் டி செல்கள்தான். உமிழ்நீர் வழியும் குழாயைச் சுற்றி வளையம் போல நிற்கும். குழாயின் உட்சுவர் செல்களே இன்டர்ஃபெரான் தூண்டுதலில் பாஃப் என்ற புரதத்தை வெளியிடுகின்றன. பி செல் உயிரோடிருக்க அது அன்றாடச் சோறு மாதிரி. சிஎக்ஸ்சிஎல்13 என்ற வேதித் தூதும் அந்தப் பகுதியில் சுரக்க ஆரம்பிக்கிறது. பி செல்லை வரவழைப்பது அதுதான். குவியல் பெரிதாகப் பெரிதாக பி செல்லின் பங்கு கூடுகிறது, டி செல்லும் பி செல்லும் தனித்தனிப் பகுதியாகப் பிரிகின்றன. பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவர், சாதாரணமாகத் தகடு போலப் படிந்திருப்பது, தடித்து உயர்ந்து நிற்கும். லிம்போசைட்டுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் இந்த வகை ரத்தக்குழாய் வழக்கமாக நிணநீர் முடிச்சில் இருப்பது. உமிழ்நீர்ச் சுரப்பியில் அது தெரிந்தால், வந்துபோகும் கூட்டம் என்ற நிலை தாண்டியாயிற்று. வாசல் வைத்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

அந்த வீட்டின் நடு அறை ஜெர்மினல் சென்டர். தமிழில் முளைமையம் எனலாம். நிணநீர் முடிச்சில் ஒரு கிருமிக்கு எதிராக முளைமையம் உருவாகும்போது, உள்ளே பி செல்கள் ஏஐடி என்ற நொதியால் தம் ஆன்டிபாடி மரபணுவில் தாமே எழுத்துப்பிழை செய்துகொள்கின்றன. பெரும்பாலான பிழைகள் கெடுதலாக முடிந்து அந்தச் செல்கள் மடிகின்றன. சில இன்னும் நன்றாகப் பொருந்துகின்றன, அவை பிழைக்கின்றன. கிருமி தீர்ந்ததும் சில வாரங்களில் முளைமையம் சுருங்கிவிடும். சுரப்பிக்குள் உருவான முளைமையத்தில் கெட்டுப்போவது இந்தக் கடைசிப் படி. அங்கே எதிரியாகக் காட்டப்படுவது ரோ, லா போன்ற நம் சொந்தப் புரதங்கள். அவை தீர்ந்துபோகும் சரக்கல்ல. சுரப்பி இருக்கும்வரை இருக்கும். அதனால் கடையை மூட ஆளே இல்லை. ரோ, லாவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தயாரிக்கும் செல்கள் சுரப்பிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதை 1990களிலேயே சாயமேற்றிக் காட்டிவிட்டார்கள்.

ஸ்லைடில் இதைக் கண்டுபிடிப்பது எழுதுகிற அளவுக்கு எளிதில்லை. சாதாரண ஹெமடாக்ஸிலின்–இயோசின் சாயத்தில், அடர்நீலக் குவியலின் நடுவே கொஞ்சம் வெளிறிய வட்டம் தெரிந்தால் முளைமையமாக இருக்கலாம்; நசுங்கியதாகவோ, குழாயின் ஓரத்தைத் தொட்டு வெட்டுப்பட்டதாகவோ கூட இருக்கலாம். சிடி21 சாயம் போட்டால், பி செல்களைத் தாங்கி நிற்கும் ஃபாலிகுலர் டென்ட்ரிடிக் செல்களின் வலை சிலந்திவலை போலத் தெரியும். ஆனால் வலை இருப்பதாலேயே உள்ளே முளைமையம் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முளைமைய பி செல்லின் அடையாளமான பிசிஎல்6 சாயத்தில் செல்களின் உட்கரு கொத்தாகப் பிடித்தால் சந்தேகம் பெருமளவு தீரும். பணம் ஒரு சாயத்துக்குத்தான் உண்டு என்றால் என் வோட்டு பிசிஎல்6க்கு. கூடவே, இயல்பான சுரப்பியில் பிளாஸ்மா செல்களில் பெரும்பங்கு ஐஜிஏ தயாரிப்பவை. ஷோகிரெனில் ஐஜிஜி, ஐஜிஎம் பக்கம் சாய்ந்து, ஐஜிஏவின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். ஃபோகஸ் ஸ்கோர் 0.8இல் நின்று குழப்பும்போது இந்தச் சாய்வு பல நேரம் கைகொடுக்கும்.

பூஜ்யம் என்ற எண்

பி செல்தான் குற்றவாளி என்றால் பி செல்லை அழித்துவிட்டால் போயிற்று. ரிட்டுக்ஸிமாப் பி செல்லின் மேலுள்ள சிடி20ஐப் பிடித்து அழிக்கும் மருந்து. லிம்போசைட்டுப் புற்றான லிம்போமாவிலும் முடக்குவாதத்திலும் ஏற்கெனவே பேர் வாங்கியது. ஷோகிரெனில் அதைவிடப் பொருத்தமான மருந்து வேறென்ன இருக்க முடியும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிரான்சில் நடந்த டியர்ஸ் ஆய்வில் 120 பேர். முடிவு 2014இல் வந்தது. பிரிட்டனில் நடந்த ட்ராக்டிஸ் ஆய்வில் 133 பேர், 1000 மில்லிகிராம் வீதம் 0, 2, 24, 26ஆம் வாரங்களில், முடிவு 2017இல். இரண்டுமே தம் முதன்மை இலக்கை எட்டவில்லை. வறட்சியிலும் அயர்ச்சியிலும் மருந்து பெற்றவர்களுக்கும் டம்மி பெற்றவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இத்தனைக்கும் ரத்தத்தில் பி செல் காலி.

இந்த இடத்தில் துறையே இரண்டாகப் பிரிந்தது. அப்படியானால் ஷோகிரெனில் பி செல்லுக்குப் பெரிய பங்கில்லை என்றார்கள் ஒரு சாரார். ரத்தத்தில் இல்லை என்றால் உடம்பிலேயே இல்லை என்ற பழைய பிசகுதான் அது, இந்தமுறை படித்தவர்கள் வாயிலிருந்து. இன்னொரு சாரார் சுரப்பியை மறுபடி வெட்டிப் பார்த்தார்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் இதற்கென்றே வசதியான வழக்கம் உண்டு: காதுமடலுக்குக் கீழே சின்னதாகக் கீறி, பரோடிட் என்ற பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து துணுக்கு எடுப்பார்கள். உதட்டு மணியை ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான். பரோடிட்டில் அதே சுரப்பியை மருந்துக்கு முன்னும் பின்னும் பார்க்கலாம். பார்த்ததில், சுரப்பியில் பி செல் குறைந்திருந்தது, ஒழியவில்லை. அவர்களே 2016இல் வெளியிட்ட இன்னொரு விஷயம்: தொடக்கத்தில் பரோடிட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சிடி20 செல்கள் அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் ரிட்டுக்ஸிமாப் பலித்தது. ஆய்வில் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்கினால் பலித்தவர்களும் பலிக்காதவர்களும் கலந்து வித்தியாசம் கரைந்துபோவதில் ஆச்சரியமில்லை.

ஏன் ஒழியவில்லை என்பதற்குக் காரணம் ஒன்றல்ல. மருந்து ஓர் ஆன்டிபாடி. செல்லைப் பிடித்தால் மட்டும் போதாது, பிடிபட்டதைத் தின்ன மேக்ரோஃபேஜோ, கொல்ல இயற்கைக் கொல்லி செல்லோ பக்கத்தில் இருக்க வேண்டும். ரத்தம் கல்லீரல் வழியே போகும்போது அந்த வேலை கச்சிதமாக நடக்கும். சுரப்பிக்குள் அத்தனை ஆள் கிடையாது. பிளாஸ்மா செல்லில் சிடி20யே இல்லை, மருந்துக்கு அது கண்ணில் படாது. எல்லாவற்றையும் விட வேடிக்கை பாஃப். பி செல்கள் குறைந்ததும் அதைக் குடித்துத் தீர்க்க ஆளில்லாமல் பாஃப் அளவு ஏறுகிறது. ஒளிந்து தப்பிய கொஞ்சம் செல்களுக்கு விருந்து. ஆகவே ரிட்டுக்ஸிமாபோடு பாஃபைத் தடுக்கும் பெலிமுமாபையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த அந்த ஆய்வில், இரண்டையும் அடுத்தடுத்துப் பெற்றவர்களின் உதட்டுச் சுரப்பியில் சிடி20 செல்கள் ஏறத்தாழ முழுக்கவே போயிருந்தன. தனித்தனியாகக் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை.

ஜெர்மனியின் எர்லாங்கனில் 2024இல் காட்டியது இதன் இன்னொரு முகம். தன்னெதிர்ப்பு நோய்களுக்கு சிடி19 கார்-டி செல் (பி செல்லை வேட்டையாடும்படி மாற்றியமைத்த டி செல்) ஏற்றிக்கொண்டவர்கள் ஒருபக்கம், ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்கள் மறுபக்கம். இருவரிடமும் நிணநீர் முடிச்சிலிருந்து திசு எடுத்தார்கள். ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களின் முடிச்சில் பி செல்கள் இன்னும் குடியிருந்தன. கார்-டி பெற்றவர்களின் முடிச்சில் துடைத்துவிட்டது போல இருந்தது. பார்த்தது சுரப்பியை அல்ல, முடிச்சைத்தான். ஆனாலும் ஒரு பூஜ்யம் இன்னொரு பூஜ்யத்துக்குச் சமமில்லை என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டிய படம் வேறில்லை.

ட்ராக்டிஸ் தோற்றதற்கு மருந்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்றும் நினைக்கிறேன். அளந்தது வாய் எவ்வளவு காய்கிறது என்ற நோயாளியின் மதிப்பீட்டையும் அயர்ச்சியையும். சுரக்கும் செல்கள் செத்து நாராகிப்போன சுரப்பியில் பி செல் மொத்தத்தையும் அழித்தாலும் எச்சில் ஊறாது. தீயை அணைத்தால் எரிந்த கூரை திரும்பாது. அந்த ஆய்விலேயே ஒரு வரி ஓரமாகக் கிடக்கிறது: தானாக ஊறும் எச்சிலின் அளவு டம்மி பெற்றவர்களுக்கு இறங்கிக்கொண்டே போனது, ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களுக்கு இறங்காமல் நின்றது. ஏறவில்லைதான். ஆனால் நின்றது.

கண்ணை நம்பினாலும் போதாது

திசுவைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடக்குவாதத்தில் ஆர்4ஆர்ஏ என்ற ஆய்வு 2021இல் வந்தது. 164 பேருக்கு மூட்டுச் சவ்வை பயாப்ஸி எடுத்து, பி செல் அதிகமா குறைவா என்று பிரித்து, ரிட்டுக்ஸிமாபோ, பி செல்லைக் குறிவைக்காத டோசிலிசுமாபோ கொடுத்தார்கள். பி செல் குறைவான மூட்டில் ரிட்டுக்ஸிமாப் தோற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிரித்தபோது பி செல் குறைவானவர்களில் ரிட்டுக்ஸிமாபுக்குப் பலன் 45 சதவீதம், டோசிலிசுமாபுக்கு 56 சதவீதம், புள்ளியியலில் தேறவில்லை. அதே திசுவின் ஆர்என்ஏவைப் படித்துப் பிரித்தபோது 36க்கு எதிராக 63, தேறிவிட்டது. பி செல் குறைவு என்று கண் சொன்னதும், குறைவு என்று ஆர்என்ஏ சொன்னதும் ஒரே ஆட்களையல்ல. ஸ்லைடு பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

அதே மாதிரி, முளைமையம் என்றாலே கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 2020 ஜனவரியில் ஒரே இதழில் மூன்று கட்டுரைகள் வந்தன: மெலனோமாவிலும் சார்கோமாவிலும் புற்றுக்கட்டிக்குள் இப்படியான பி செல் வீடுகள் இருந்தவர்களுக்கு இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்தது. புற்றுக்கட்டிக்குள் கட்டினால் காவல், உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் கட்டினால் ஆக்கிரமிப்பு. கட்டடத்தின் வரைபடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சுரப்பியில் இந்த ஆக்கிரமிப்பு நீடித்தால் என்ன ஆகும் என்பதுதான் நோயாளிக்கு முக்கியமான கேள்வி. ஷோகிரென் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் லிம்போமா வருகிறது. பெரும்பாலும் மால்ட் எனப்படும் பி செல் லிம்போமா வகை, பெரும்பாலும் பரோடிட்டில். அந்த லிம்போமா செல்கள் சுமக்கும் ஆன்டிபாடியைப் படித்துப் பார்த்தால் பலவற்றில் ருமட்டாய்டு ஃபேக்டரின் (ஆன்டிபாடியையே பிடிக்கும் ஆன்டிபாடி) சாயல் இருக்கிறது. அதாவது வருஷக்கணக்கில் சொந்தப் புரதத்தால் தூண்டப்பட்ட பி செல் குடும்பங்களில் ஒன்றுதான் கட்டவிழ்ந்து வளர்ந்திருக்கிறது. பரோடிட் வீக்கம் வற்றாமல் நிற்பது, காலில் ஊதாப் புள்ளிகள், ரத்தத்தில் சி4 என்ற எதிர்ப்புப் புரதத்தின் குறைவு, குளிரில் திரளும் கிரையோகுளோபுலின் ஆகியவை எச்சரிக்கைகள். இவை இருப்பவரிடம் "ஸ்கோர் போன தடவையே பார்த்தாயிற்று" என்று சொல்லி அனுப்பக் கூடாது.

ஸ்வீடனின் மால்மோவில், நோய் கண்டறிந்த காலத்தில் எடுத்த 175 பேரின் உதட்டு பயாப்ஸிகளைத் திரும்ப எடுத்துப் படித்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. சுமார் கால்வாசிப் பேரின் ஸ்லைடில் முளைமையம் போன்ற அமைப்பு இருந்தது. 175 பேரில் ஏழு பேருக்குப் பின்னாளில் லிம்போமா வந்திருந்தது. அந்த ஏழு பேரில் ஆறு பேர் முளைமையக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பயாப்ஸிக்கும் லிம்போமாவுக்கும் இடையே நடுமதிப்பாக ஏழு வருஷம். 2017இல் க்ரோனிங்கன்காரர்கள் தங்கள் நோயாளிகளில் இதே கேள்வியைக் கேட்டபோது, பரோடிட் மால்ட் லிம்போமாவை உதட்டு முளைமையம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றார்கள். ஏழு என்பது சின்ன எண்; சாதாரணச் சாயத்தில் முளைமையம் என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பதும் நடக்கும். சண்டை இன்னும் தீரவில்லை. என் அளவில், முளைமையம் இருந்தால் ரிப்போர்ட்டில் எழுதுவேன், கீழே "லிம்போமா வரும்" என்று எழுதமாட்டேன்.

நோயாளிக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரிப்போர்ட்டை வாங்கும்போது கட்டை எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். மெழுகுக் கட்டையில் உள்ள சுரப்பி அறை வெப்பத்திலேயே பல வருஷம் கெடாது. சோதனைக்கூடம் மாற்றினாலும், ஊர் மாற்றினாலும், கட்டையைக் கேட்டு வாங்கலாம். பிசிஎல்6 சாயத்துக்குத் தேவைப்படுவது அதிலிருந்து இன்னும் ஒரு சீவல், 4 மைக்ரான் கனம்.